ட்ரவுட் குஞ்சின் முதல் தீனியும் நம்ம ஊர்க் குளமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில மாதங்களாக எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவைத் தட்டிவிட்டிருக்கிறார். "மீன் குஞ்சுக்கு முதல் 3 வாரம் புண்ணாக்கும் தவிடும் மட்டும் போடுங்க, அப்புறம் 42 சதவீதம் கூடுதலா வளரும், வெளிநாட்டு ஆராய்ச்சியிலேயே சொல்லியாச்சு" என்கிறது அது. திருவட்டாரில் கிளம்பி பூதப்பாண்டி, தோவாளை வரை சுற்றி வந்துவிட்டது. அதில் சொன்ன எண் சரி. ஆனால் மீன் வேறு, தீனி வேறு, 'கூடுதல்' என்ற சொல்லுக்கு அங்கே இருந்த பொருளும் வேறு. குலசேகரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் மூன்று சிமெண்ட் தொட்டியும், குத்தகைக்கு ஒரு குளமும் வைத்து மீனோடு மல்லுக்கட்டுகிறவன் நான். கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அந்த 42 சதவீதம் உண்மையா, கதையா?

உண்மைதான். பிரான்ஸ் நாட்டின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இன்ராவில் (2020 முதல் அதன் பெயர் இன்ரே) ரெயின்போ ட்ரவுட் என்ற, சால்மன் குடும்பத்துக் குளிர்நீர் மீனை வைத்துச் செய்த சோதனை, 2013-இல் வெளியானது. என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

அப்போதுதான் இரை எடுக்கத் தொடங்கிய குஞ்சுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முதல் 3 வாரம் மீன்தூளும் மீன் எண்ணெயும் இல்லாத தாவரத் தீவனம். இன்னொரு கூட்டத்துக்கு வழக்கமான மீன்தூள் தீவனம். 3 வாரம் முடிந்ததும் பேதம் கிடையாது. இரண்டு கூட்டத்துக்கும் 7 மாதம் மீன்தூள் தீவனமே. அதன் பிறகு, கடைசி 25 நாள், இரண்டு கூட்டத்தையும் தாவரத் தீவனத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள்.

அந்த 25 நாளில்தான் வித்தியாசம் தெரிந்தது. குஞ்சுப் பருவத்தில் தாவரத் தீவனம் தின்றிருந்த கூட்டம், தின்னாத கூட்டத்தைவிட 42 சதவீதம் வேகமாக வளர்ந்தது. 30 சதவீதம் அதிகம் தின்றது. தின்றதை உடம்பில் ஏற்றியதிலும் 18 சதவீதம் முந்தியது, அதாவது ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்று, எஃப்.சி.ஆர். என்ற பெயரில் கணக்குப் போடுகிறோமே, அது குறைந்தது.

இங்கே இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, ஒப்பிட்டது தாவரத் தீவனம் தின்னும் இரண்டு கூட்டங்களை. மீன்தூள் தின்னும் மீனைவிட 42 சதவீதம் கூடுதல் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு, அந்த முதல் 3 வார முடிவில் தாவரத் தீவனக் குஞ்சுகள் எடையில் பின்தங்கித்தான் இருந்தன. நடுவில் கிடைத்த 7 மாத மீன்தூள் தீவனத்தில்தான் அந்தக் குறையைச் சரிக்கட்டிக்கொண்டன. குரல் பதிவில் இந்த 7 மாதம் காணாமல் போய்விட்டது!

'முதல் தீனி' என்று எதைச் சொல்கிறீர்கள்? பொரித்த அன்றேயா?

இல்லை. ட்ரவுட் முட்டை பெரிது, பட்டாணியை நினைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி தண்ணீரில் பொரிக்கவே ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சு வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கரு உணவுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தட்டின் அடியிலேயே சில வாரம் கிடக்கும். வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி, பை தீரும்வரை வெளித் தீனி வேண்டாம். பை வற்றியதும் குஞ்சுகள் அடியைவிட்டு எழும்பி மேல்மட்டத்துக்கு நீந்தி வரும். அந்த நாளில் வாயில் விழுவதுதான் முதல் தீனி.

நம்ம பக்கம் பிள்ளைக்குச் சோறு கொடுப்பு நடத்துகிறோம் இல்லையா, அதுபோல ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ட்ரவுட்டுக்கு ஒரு வசதி உண்டு. எழும்பி வரும் குஞ்சு ஏறக்குறைய பத்தில் ஒரு கிராம் எடை இருக்கும், வாயும் பெரிது, நேராகத் தூள் தீவனத்தையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே 'இதைத் தின்னு' என்று தீவனத்தை நாம் முடிவு செய்ய முடிகிறது. கட்லா, ரோகு நுண்குஞ்சின் எடை சில மில்லிகிராம்கூட வராது. அதன் வாய்க்குப் பொருந்துவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்தான். சோதனையை ட்ரவுட்டில் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

ட்ரவுட் மீன் தின்னும் மீன். அதற்கு எதற்குச் செடியைத் தின்னக் கொடுக்க வேண்டும்?

மீன்தூள் விலையைக் கேட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். ஒரு கிலோ மீன்தூளுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். கடலில் சாளை, நெத்திலி மாதிரியான மீன்களை அள்ளி, வேகவைத்து, பிழிந்து, காயவைத்து, அதைப் பண்ணை மீனுக்குப் போடுவது என்பது எவ்வளவு நாள் ஓடும்? குளச்சலிலோ முட்டத்திலோ கரையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சாளை சட்டிக்கு வராமல் மூட்டையாக வண்டியேறிப் போகிற நாளில் சந்தையில் விலை என்ன ஆகிறது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

உலகம் முழுக்கவே இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. நார்வேயில் 1990-இல் சால்மன் தீவனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கடலிலிருந்து வந்த சரக்கு. 2013-இல் அது 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மீதி இடத்தைச் சோயா, கோதுமைப் புரதம், கடுகு இன எண்ணெய் எல்லாம் பிடித்துக்கொண்டன.

பிறகு சிக்கல் எங்கே? தாவரத் தீவனம் போட்டால் ட்ரவுட் ஏன் பின்வாங்குகிறது?

பல காரணம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. முதலில் ருசி. பிடிக்காத உருண்டையை வாயில் எடுத்து, உருட்டிப் பார்த்து, துப்பிவிடும். சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது (வறுத்தால் பெரும்பகுதி போகும்), குடலை உறுத்தும் சாப்போனின் என்ற பொருளும் இருக்கிறது. சோயாப் புண்ணாக்கு அதிகமானால் சால்மன் குடும்பத்து மீன்களின் பின்குடல் அழற்சி கண்டு வீங்குவது நன்றாக ஆராயப்பட்ட சங்கதி. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் பாஸ்பரஸ் சத்தைக் கட்டிப்போட்டு வைத்துக்கொள்ளும், மீனின் குடலில் அதை அவிழ்க்கும் நொதி இல்லை. அப்புறம் அமினோ அமிலக் கணக்கு, அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களின் கணக்கு: சோயாவில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் லைசின் குறைவு. மாவுச்சத்தும் ட்ரவுட்டுக்கு ஒத்துவராத சரக்கு. அதிகம் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறி, இறங்க மாட்டேன் என்று நிற்கும். சர்க்கரை நோயாளி பலாப்பழம் தின்ற கதைதான்.

இதில் பாதியை ஆலையில் சரிசெய்யலாம். வறுக்கலாம், குறைந்த அமிலத்தைத் தனியாகச் சேர்க்கலாம், நொதி கலக்கலாம். ஆனால் மீன் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் ஆலைக்காரர் என்ன செய்வார்? அந்த இடத்தில்தான் குஞ்சுப் பருவப் பழக்கம் உள்ளே வருகிறது.

மூன்று வாரம் தின்றதை ஏழு மாதம் கழித்து மீன் எப்படி ஞாபகம் வைத்திருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெளியூர்க்காரர்கள் நம்ம வீட்டுக்கு வந்தால் தேங்காய் எண்ணெய் மணத்துக்கு முகம் சுளிப்பார்கள். நமக்கோ அது இல்லாமல் அவியல் அவியலாகவே தெரியாது. யாரும் உட்கார்ந்து பாடம் படித்துப் பழகவில்லை; பல் முளைக்கும் முன்பே நாக்கும் மூக்கும் அந்த மணத்துக்கு இசைந்துவிட்டன. மீனிலும் ஏறக்குறைய அப்படி ஒன்று நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் முதல் ஊகம். சால்மன், ட்ரவுட் குடும்பத்தில் மணத்தின் நினைவு சாதாரணமானதும் அல்ல. பிறந்த ஆற்றின் மணத்தைக் குஞ்சிலேயே பதித்துக்கொண்டு, கடலுக்குப் போய், வருடங்கள் கழித்து அதே ஆற்றுக்குத் திரும்பும் மீன்கள் அவை.

2016-இல் இன்ரா ஆராய்ச்சியாளர்கள் மூளையையும் ஈரலையும் எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். மூளையில் மண-ருசி உணர்வு, நரம்புச் செய்தி, பசியைக் கட்டுப்படுத்தும் சுரப்பு ஆகியவற்றோடு தொடர்புள்ள மரபணுக்களில் மாற்றம் தெரிந்தது. ஈரலில் சத்தைப் பிரித்துக் கையாளும் மரபணுக்களும், வெளியிலிருந்து வரும் வேண்டாத பொருளை அப்புறப்படுத்தும் மரபணுக்களும் வேறு மாதிரி வேலை செய்தன. அதாவது இது நாக்கோடு நிற்கவில்லை. வயிற்றுக்குள் போனதைச் சமாளிப்பதிலும் முன்பழக்கம் வேலை செய்திருக்கிறது. கூடுதலாகத் தின்றதோடு நிற்காமல், தின்றதை 18 சதவீதம் நன்றாகப் பயன்படுத்தியதற்கு இது பொருந்தி வருகிறது. குடலில் குடியேறும் பாக்டீரியாக் கூட்டமும் ஆரம்பத் தீவனத்தைப் பொறுத்து மாறுவதை வேறு ஆய்வுகள் ட்ரவுட்டில் காட்டியிருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் மீன் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 2007-இல் வெளியான இன்னொரு சோதனையில் ட்ரவுட் குஞ்சுக்கு முதல் சில நாள் மட்டும் மாவுச்சத்து நிறைந்த தீவனத்தைக் கொடுத்தார்கள். வாரங்கள் கழித்துப் பார்த்தபோது மாவைச் செரிக்கும் நொதிகள் குடலில் கூடியிருந்தன. சரி, சர்க்கரைத் தொந்தரவு தீர்ந்தது என்று நினைத்தால் இல்லை. ஈரலும் தசையும் சர்க்கரையைக் கையாளும் விதம் பழையபடியே இருந்தது. குடல் கற்றுக்கொண்டது, ஈரல் கற்றுக்கொள்ளவில்லை. எந்த உறுப்பு எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்வது எளிதில்லை.

அப்படியென்றால் மரபணு மாற்றப்பட்ட மீனா? சாப்பிடலாமா?

இல்லை. மரபணு மாறவில்லை, அது வேலை செய்யும் அளவுதான் மாறியது. சமையலறையில் பாத்திரங்கள் அதேதான். எது பரணில் தூங்குகிறது, எது தினமும் அடுப்பில் ஏறுகிறது என்பது மட்டும்தான் வேறு. தாராளமாகச் சாப்பிடலாம்.

ட்ரவுட்டில் மட்டும்தான் இப்படியா?

ஸ்காட்லாந்தில் அட்லாண்டிக் சால்மனில் இதே பாணியில் செய்து, 2017-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் முதல் 3 வாரம் தாவரத் தீவனம், நடுவில் மீன்தூள், கடைசியில் மறுபடியும் தாவரம். வளர்ச்சி 24 சதவீதம் கூடியது. 42 இல்லை என்பதையும் கவனியுங்கள், மீனுக்கு மீன் மாறும்.

ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒரு படி பின்னால் போய், கில்ட்ஹெட் சீப்ரீம் என்ற கடல் மீனின் தாய்மீன்களிடமே கைவைத்தார்கள். தாய்மீன் தீவனத்தில் மீன் எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் சேர்த்தார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்தபின், மீன்தூளும் மீன் எண்ணெயும் குறைந்த தீவனத்தைக் கூடுதல் நன்றாகத் தாங்கிக்கொண்டன. கர்ப்பத்தில் அம்மா தின்றது பிள்ளைக்கு என்று நம் பாட்டிகள் சொல்வது மீன் தொட்டி வரை வந்துவிட்டது.

நம்ம மாவட்டத்தில் ட்ரவுட் வளர்க்கலாமா, அண்ணாச்சி?

முடியாது. ட்ரவுட்டுக்கு 12 முதல் 16 டிகிரி தண்ணீர் சுகம். 20-ஐத் தாண்டினால் திணறும், 25-இல் சாவைத் தொடும். நம்ம குளம் சாதாரணமாகவே 26 முதல் 30 டிகிரி. வெப்பம் கூடினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும், 28 டிகிரியில் 8-க்குக் கீழே. பேச்சிப்பாறை தண்ணீர் காலையில் சில்லென்று இருக்கிறதே என்பார்கள். அது நமக்குச் சில்லென்று. நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் ட்ரவுட் குஞ்சுப் பண்ணை இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே. அங்கே ஓடையில் ஒரு நிமிடம் கையை வைத்தேன், மோதிரம் கழன்று விழுந்திருந்தாலும் தெரிந்திருக்காது, விரல் அப்படி மரத்துவிட்டது. மேல்கோதையாறு குளிர்தானே என்று ஒருவர் கேட்டார். அது காடு, அங்கே வெளிமீனை விடுகிற எண்ணமே வேண்டாம்.

கட்லா, ரோகு குளத்தில் இதைச் செய்தால் லாபம் உண்டா?

நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள்! நாற்றங்கால் குளத்தில் சுண்ணாம்பும் சாணமும் போட்டு நுண்ணுயிரை வளர்த்துவிட்டு, நுண்குஞ்சை இறக்கிய நாளிலிருந்து கடலைப் புண்ணாக்குத் தூளும் தவிடும் சரிபாதி கலந்து தூவுவது எத்தனை காலத்து வழக்கம்? கெண்டை மீன் இயல்பிலேயே பலதும் தின்னும், அதற்கு இரைப்பையே கிடையாது, நீளமான குடல்தான். செடியைப் பழக்குவதற்கு அங்கே தடையே இல்லாததால், பழக்கிவிட்டால் கிடைக்கும் கூடுதல் லாபத்துக்கும் இடம் குறைவு. அதற்காக நுண்ணுயிர் இல்லாத தெளிந்த தண்ணீரில் குஞ்சை விட்டுவிட்டுப் புண்ணாக்கை மட்டும் நம்பினால், குஞ்சு சாகும். அந்த வயதில் அதன் உண்மையான சோறு நுண்ணுயிர்தான். புண்ணாக்கில் ஒரு பகுதி குளத்துக்கு உரமாகத்தான் போகிறது.

விரால், கொடுவா வளர்ப்பவர்களுக்கு?

இவர்களுக்குத்தான் இந்த விஷயம் நெருக்கமானது. இரண்டும் மீன் தின்னிகள், இரண்டின் தீவனத்திலும் மீன்தூள்தான் செலவைத் தூக்குகிறது. ஆனால் ட்ரவுட்டில் செய்ததை அப்படியே செய்ய முடியாது. கொடுவா குஞ்சு ரோட்டிஃபர், ஆர்டீமியா என்று உயிருள்ள இரையில்தான் தொடங்கும். விரால் குஞ்சும் நுண்ணுயிர், புழு என்றுதான் போகும். முதல் தீனியை நாம் முடிவு செய்ய முடியாது. நமக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு, உயிர் இரையிலிருந்து உருண்டைத் தீவனத்துக்கு மாற்றும் அந்த வாரங்கள்தான். அங்கே தாவரப் புரதத்தைக் கொஞ்சம் நுழைத்துப் பழக்கினால் பின்னால் பலன் உண்டா என்பது மீனுக்கு மீன் சோதித்துப் பார்க்க வேண்டியது; ட்ரவுட் எண்ணைத் தூக்கி விராலுக்குப் போடக் கூடாது.

பழக்கம் எவ்வளவு பொல்லாதது என்று மட்டும் என் கையைச் சுட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பண்ணையில் 800 விரால் குஞ்சு வாங்கினேன், விரல் நீளம், பளபளவென்று நல்ல சுறுசுறுப்பு. என்ன தின்கிறது என்று கேட்டேன், "எல்லாம் தின்னும்" என்றார்கள். தொட்டியில் விட்டு, மறுநாள் மிதவைத் தீவனம் போட்டேன். மேலே வந்தன, வாயில் எடுத்தன, துப்பின. டார்ச் அடித்துப் பக்கத்தில் குந்திப் பார்த்தால், ஒரே உருண்டையை மூன்று குஞ்சு மாறி மாறி எடுத்துத் துப்புகிறது. ஊறிப்போன உருண்டைகள் தொட்டி மூலையில் ஒதுங்கி, தண்ணீர்மேல் எண்ணெய்ப் பாடை கட்டியது. நாலாம் நாள் குஞ்சுகளின் வால் காணாமல் போகத் தொடங்கியது, ஒன்றை ஒன்று கடிக்கின்றன. விசாரித்தால், அங்கே அவற்றை அரைத்த பொடிமீனிலேயே வளர்த்திருக்கிறார்கள், உருண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை!

அப்புறம் என்ன, சாளையை வாங்கி அரைத்து, தீவனத்தூளைக் கொஞ்சம் பிசைந்து, உருட்டி, நாளுக்கு நாள் மீனைக் குறைத்துத் தூளைக் கூட்டி, மூன்று வாரம் போராடினேன். வீட்டு மிக்சியை அதற்கு எடுத்ததற்கு என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கணக்கு. 800-இல் 310 மிஞ்சியது.

வீட்டிலேயே தேங்காய்ப் புண்ணாக்கு, ரப்பர் கொட்டைப் புண்ணாக்கு வைத்து ஆரம்பத் தீவனம் செய்யலாமா? நம்ம ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே.

குரல் பதிவு செய்த பெரிய கெடுதல் இதுதான், 'தாவரத் தீவனம்' என்றவுடன் எல்லோரும் மூட்டையைத் தேடிப் போகிறார்கள். ஆராய்ச்சியில் கொடுத்தது மீனுக்கு வேண்டிய சத்தெல்லாம் கணக்குப் பார்த்துச் சேர்த்த ஆலைத் தீவனம். புண்ணாக்கை இடித்துத் தூவினால் அது அந்தத் தீவனம் ஆகாது.

தேங்காய்ப் புண்ணாக்கில் நார் அதிகம், லைசின் குறைவு. பெரிய கெண்டைக்குக் கலவையில் கொஞ்சம் சேர்க்கலாம். மீன் தின்னும் குஞ்சுக்கு அது வயிற்றை அடைக்கும் பொருள். ரப்பர் கொட்டையில் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. மரச்சீனி இலை தின்று ஆடு செத்த கதை நம்ம மாவட்டத்தில் எல்லோர் வீட்டிலும் ஒன்று உண்டு, அதே நஞ்சுதான். வேகவைத்து, நாள்பட வைத்து அதைக் குறைக்கலாம். ஆனால் குஞ்சுப் பருவத்தில் அந்தச் சோதனையை நடத்த வேண்டாம்.

கடலைப் புண்ணாக்கு? நல்ல சரக்குதான், காய்ந்திருக்கும்வரை. நமக்கு வருடத்தில் இரண்டு மழை. ஆனி மழையில் ஷெட்டில் வைத்த மூட்டையை அடியிலிருந்து அவிழ்த்துப் பாருங்கள். கட்டி கட்டியாக ஒட்டி, உடைத்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூத்து, பழைய ஈரச் சாக்கின் வாடை அடிக்கும். அந்தப் பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், ஈரலைத் தின்னும் நஞ்சு. ட்ரவுட்டுக்கும் இந்த நஞ்சுக்கும் ஒரு பழைய சரித்திரமும் உண்டு. 1960 வாக்கில் அமெரிக்காவில் பண்ணை ட்ரவுட்டுகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்று வந்தது. தேடிப் பார்த்தால் தீவனத்தில் கலந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு. 100 கோடியில் ஒரு பங்கு அளவே நீண்ட நாள் தின்றால் ட்ரவுட்டுக்குப் போதும், உலகத்தில் இந்த நஞ்சைத் தாங்கமுடியாத உயிர்களில் அது முன்வரிசை. நம்ம மீன்கள் அவ்வளவு மென்மையானவை அல்ல. ஆனாலும் பூத்த புண்ணாக்கை "மீனுக்குத்தானே" என்று போடாதீர்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை அடங்கலாம், நஞ்சு முழுக்கப் போகாது.

கடைசிவரை மீன்தூள் தீவனமே போடப்போகிறேன். குஞ்சில் தாவரம் பழக்கினால் நல்லதா?

எதற்கு? ஆரம்பத்தில் கொஞ்சம் வளர்ச்சியை விட்டுக்கொடுத்து, பின்னால் அதை வசூலிக்க நாள் வராமல் போகும். தமிழ் படிக்கப்போகிற பிள்ளைக்கு ஜப்பான் மொழி டியூஷன் வைத்த மாதிரி.

தாவரத் தீவனத்தில் வளர்ந்த மீனுக்கு ருசியும் ஒமேகா-3-உம் குறையுமா?

மீனின் கொழுப்பு தீவனத்தின் எண்ணெயைப் பின்பற்றும். மீன் எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் போட்டால், நம் இதயத்துக்கு நல்லது என்று சொல்கிற அந்த நீண்ட ஒமேகா-3 கொழுப்புகள் குறையும். ட்ரவுட்டுக்கு ஆளிவிதை எண்ணெயில் உள்ளதிலிருந்து கொஞ்சம் தானே செய்துகொள்ளும் திறமை உண்டு, முழுக்க ஈடாகாது. பண்ணைக்காரர்கள் பிடிப்பதற்கு முந்தைய சில வாரம் மீன் எண்ணெய்த் தீவனத்துக்கு மாற்றி அதை மறுபடி ஏற்றுகிறார்கள். குஞ்சுப் பருவத்து 3 வாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ருசி? புளிமுளத்தில் போட்டால் எந்த மீனுக்கும் தனி ருசி என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். ஒமேகா-3-தான் வேண்டுமென்றால் சாளை வாங்குங்கள்.

அப்போ இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா?

குஞ்சு வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி கூடும். இதுவரை எத்தனை குஞ்சு, என்ன விலை, என்ன நீளம் என்றுதான் கேட்டோம். இனி என்ன தின்றது, எந்த நாளிலிருந்து தின்றது, உருண்டைத் தீவனம் பழகி எத்தனை நாள் ஆகிறது என்றும் கேளுங்கள். "எல்லாம் தின்னும்" என்று பதில் வந்தால் ஒரு பேசினில் இருபது குஞ்சை விடச் சொல்லி, அவர்கள் போடும் தீவனத்தை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். விழுங்குகிறதா, துப்புகிறதா? ஐந்து நிமிடம் குனிந்து பார்த்தால் போதும். வாங்கியபின் அதே தீவனத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கூடவே வாங்கி வந்து, உங்கள் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

போன தடவை நான் இப்படிப் பேசினை வைத்துக் குனிந்து நின்றபோது, குஞ்சு விற்பவர் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். ஆனால் கிளம்பும்போது அவரே அரைக் கிலோ தீவனத்தைக் கவரில் கட்டிச் சும்மா கொடுத்தார்.